நாய்க்குப் பசி மூக்கில் தொடங்குகிறது

நேற்று வரை தட்டு வைக்கும் ஓசை கேட்டதுமே வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்த நாய், இன்று தட்டருகே வந்து ஒருமுறை முகர்ந்து பார்க்கிறது. பிறகு திரும்பிப் போய்த் திண்ணை ஓரத்தில் படுத்துக்கொள்கிறது. உடனே வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "ஒருநாள் பட்டினி போட்டால் தானே தின்னும்" என்பார் தாத்தா. "ஐயோ பாவம், இரண்டு பிஸ்கட் போடு" என்பார் பாட்டி. "வாயைத் திறந்து ஊட்டிவிடு" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இவற்றில் எது சரி?

மாணவ நண்பர்களே, இது கால்நடை மருத்துவரின் கேள்வி ஆயிற்றே, இதில் இயற்பியலுக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். வேலை இருக்கிறது. வகுப்பில் நீங்கள் படிக்கும் கலவை முறை, ஆவியழுத்தம், உள்ளுறை வெப்பம், அளவீட்டுப் பிழை ஆகிய நான்குமே நாயின் தட்டைச் சுற்றி நிற்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பசி வேறு, விருப்பம் வேறு

பசி ருசி அறியாது என்பது நம் பழமொழி. நலமாக இருக்கும் உயிருக்கு அது பொருந்தும். நோயுற்ற உயிருக்குப் பொருந்தாது. உடலுக்கு உணவு தேவைப்படுவது ஒன்று. உண்ண வேண்டும் என்ற விருப்பம் எழுவது மற்றொன்று. காய்ச்சல் கண்டபோது உங்களுக்கும் சோற்றைக் கண்டால் வெறுப்பாக இருந்திருக்கும். உடலுக்கு ஆற்றல் வேண்டியிருந்தும் விருப்பம் எழவில்லை.

ஆகவே நாய் உண்ண மறுத்தால், எதைக் கொடுக்கலாம் என்று உடனே யோசிக்கக் கூடாது. அது ஏன் மறுக்கிறது என்பதே முதற் கேள்வி. பல் வலி, வாய்ப்புண், வயிற்றுக் கோளாறு, குடற்புழு, உண்ணி கடிப்பதால் வரும் காய்ச்சல், சிறுநீரக நோய், ஈரல் நோய் என்று காரணங்கள் பல. 1978ஆம் ஆண்டில் புதிதாகத் தோன்றி உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் நோயும் உணவு மறுப்பில்தான் தொடங்கும். பிறகு வாந்தியும் இரத்தக் கழிச்சலும் வரும். தடுப்பூசி போடாத குட்டியை அது சில நாட்களிலேயே கொன்றுவிடும்.

எனவே ஒரு கால வரையறையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த நாய் 24 மணி நேரம் எதையுமே உண்ணவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். குட்டி நாய் இரண்டு வேளை உணவை மறுத்தாலே அன்றைக்கே கொண்டு போக வேண்டும். வாந்தி, இரத்தக் கழிச்சல், வயிறு உப்பல், வெளிறிய ஈறு, தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரம் பார்க்க வேண்டியதில்லை. உடனே புறப்பட வேண்டியதுதான். தண்ணீரையும் சேர்த்து மறுக்கும் நாய்க்கும் இதுவே விதி.

கையை வாயில் விடாதீர்கள்!

இந்தப் பகுதியைச் சற்று நிறுத்திப் படியுங்கள். நம் நாட்டில் ரேபிஸ் எனும் வெறிநோய் இன்னும் ஒழியவில்லை. அந்த நோய் கண்ட நாய் எல்லாச் சமயங்களிலும் குரைத்துக்கொண்டு பாய்ந்து வருவதில்லை. சில நாய்கள் சோர்ந்து மூலையில் ஒடுங்கும். தொண்டைத் தசைகள் செயலிழப்பதால் அவற்றால் விழுங்க முடியாது. தாடை தொங்கும், எச்சில் ஒழுகும். பார்ப்பவர்கள், "பாவம், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது, அதனால்தான் தின்ன மாட்டேன் என்கிறது" என்று எண்ணி வாய்க்குள் கையை விட்டுவிடுகிறார்கள். எச்சிலில் உள்ள வைரஸுக்குக் கையில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும்.

ஆகவே தெருநாயானாலும், தடுப்பூசி போடாத வளர்ப்பு நாயானாலும், எச்சில் ஒழுக உணவை மறுத்தால் அருகில் போகாதீர்கள்; பெரியவர்களிடம் சொல்லுங்கள். கடிபட்டாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். 1885இல் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போட்ட தடுப்பூசியின் வழித்தோன்றல்தான் இது. நம் நீலகிரியில் உள்ள குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இல் தொடங்கப்பட்டதும் இந்நோய்க்காகவே. அறிகுறி தோன்றிய பிறகு உயிர் பிழைத்தவர்கள் மிக மிக அரியர் என்பதை மறக்க வேண்டாம்.

எவ்வளவு உண்ண வேண்டும்?

மருத்துவர் பார்த்து, பெரிய நோய் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி: நாய் குறைவாகத்தான் உண்கிறதா? அல்லது குறைவாக உண்பதாக நமக்குத் தோன்றுகிறதா? இதற்குக் கணக்கு வேண்டும்.

1883இல் மாக்ஸ் ரூப்னர் என்ற ஜெர்மானிய அறிஞர் வெவ்வேறு எடையுள்ள நாய்கள் வெளியிடும் வெப்பத்தை அளந்தார். சிறியது சுமார் 3 கிலோ. பெரியது சுமார் 31 கிலோ. பெரிய நாய் மொத்தத்தில் அதிக வெப்பத்தை வெளியிட்டதில் வியப்பில்லை. ஆனால் ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் நிலைமை தலைகீழாக இருந்தது. பெரிய நாய் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 கிலோ கலோரி. சிறிய நாய் ஏறத்தாழ 88 கிலோ கலோரி!

ஏன் இப்படி? ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இரு மடங்காக்குங்கள். கன அளவு 8 மடங்காகும். பரப்போ 4 மடங்குதான் ஆகும். உடல் சிறியதாக ஆக ஆக, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடிக்கொண்டே போகிறது. வெப்பம் வெளியேறுவது அந்தப் பரப்பு வழியாகத்தானே!

பிறகு 1932இல் கலிபோர்னியாவில் பணியாற்றிய மாக்ஸ் கிளைபர், பல்வகை விலங்குகளின் அளவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். ஓய்வு நிலையின் ஆற்றல் தேவை எடையின் முக்கால் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கக் கண்டார். சரியாக முக்கால் அடுக்கு ஏன் என்பது இன்றும் விவாதத்துக்குரிய பொருள். ஆனால் கால்நடை மருத்துவர்கள் இந்த விதியை நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள்.

முக்கால் அடுக்கு என்றதும் பயப்பட வேண்டாம். எடையை மும்மடி செய்யுங்கள், வர்க்கமூலம் காணுங்கள், மீண்டும் ஒருமுறை வர்க்கமூலம் காணுங்கள். அதை 70ஆல் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய கிலோ கலோரி கிடைத்துவிடும்.

16 கிலோ நாய்: 16-இன் மும்மடி 4096, வர்க்கமூலம் 64, மீண்டும் வர்க்கமூலம் 8. விடை 8 × 70 = 560 கிலோ கலோரி.

4 கிலோ நாய்: மும்மடி 64, வர்க்கமூலம் 8, மீண்டும் வர்க்கமூலம் 2.83. விடை 2.83 × 70 = 198, அதாவது சுமார் 200 கிலோ கலோரி.

எடை நான்கில் ஒரு பங்கு. தேவையோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! கிலோவுக்குப் பார்த்தால் பெரிய நாய்க்கு 35, சிறிய நாய்க்கு 50. இதனால்தான் சிறிய நாய்களும் குட்டிகளும் பட்டினியைத் தாங்குவதில்லை. அவற்றின் உடலில் எரிபொருள் விரைவாகத் தீர்கிறது. இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்கி விழுந்துவிடவும் கூடும். தாத்தா சொல்லும் பட்டினி வைத்தியம் குட்டிக்கு ஏன் ஆகாது என்பது இப்போது விளங்குகிறதா?

வீட்டுக்குள் நடமாடும் வளர்ந்த நாய்க்கு இந்த அளவைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு தேவைப்படும். நம் 4 கிலோ நாய்க்கு அது சுமார் 320 கிலோ கலோரி. இனி பாட்டியின் பிஸ்கட்டுக்கு வருவோம். ஒரு சிறிய இனிப்பு பிஸ்கட்டில் சுமார் 25 கிலோ கலோரி இருக்கும். பாட்டி இரண்டு, தம்பி இரண்டு, நீங்கள் இரண்டு என்று ஆறு பிஸ்கட் போட்டால் 150 கிலோ கலோரி. நாளின் தேவையில் ஏறத்தாழ பாதி முடிந்துவிட்டது! மாலையில் தட்டை மறுக்கும் அந்த நாய்க்கு என்ன நோய் இருக்க முடியும்? அதற்கு வயிறு நிரம்பியிருக்கிறது, அவ்வளவுதான். தின்பண்டங்கள் நாளின் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் கூறும் அளவு.

மூக்கே முதல் வாசல்

பிஸ்கட்டை நிறுத்தியும் நாய் உண்ணவில்லை. இப்போது அதன் மூக்கைக் கவனிப்போம்.

மனிதனின் நாக்கில் ஏறத்தாழ 9000 சுவை மொட்டுகள் உள்ளன. நாயின் நாக்கில் சுமார் 1700தான். ஆனால் மணம் அறியும் செல்கள் மனிதனுக்குச் சில பத்து லட்சம் இருக்க, நாய்க்கு இருபது கோடிக்கும் மேல் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். உணவு நல்லதா, வேண்டியதா என்ற தீர்ப்பை நாய் பெரும்பாலும் மூக்கால் எழுதிவிடுகிறது. நாக்கு பிறகுதான் வருகிறது.

முகரும்போது நாய் விநாடிக்குச் சுமார் 5 முறை காற்றை இழுத்து விடுகிறது. நாம் மூச்சை விடும்போது எதிரே உள்ள மணத்தை ஊதிக் கலைத்துவிடுகிறோம். நாய் அப்படிச் செய்வதில்லை. அதன் மூக்குத் துளைகளின் பக்கவாட்டில் உள்ள பிளவு வழியாகக் காற்று பின்புறமாக வெளியேறுகிறது. முன்புறமிருந்து புதிய மணம் தொடர்ந்து வந்து சேர்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி செட்டில்ஸும் அவருடைய குழுவினரும் இந்தக் காற்றோட்டத்தை ஆராய்ந்து 2010இல் விளக்கமாக வெளியிட்டனர். பாய்ம இயக்கவியல் படித்தவர்கள் நாயின் மூக்கை ஆராய்ந்தார்கள் என்பது உங்களுக்கு உற்சாகம் தரும் செய்தி அல்லவா!

மணம் என்பது என்ன? உணவின் பரப்பிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலந்து மூக்கை வந்தடையும் மூலக்கூறுகளே மணம். ஆவியாகாத பொருளுக்கு மணம் இல்லை. ஆவியாவதோ வெப்பநிலையைப் பொறுத்தது. நமக்கு நன்கு தெரிந்த நீரையே எடுத்துக்கொள்வோம். குளிர்பெட்டியின் 5 டிகிரி செல்சியஸில் நீரின் தெவிட்டிய ஆவியழுத்தம் 6.5 மி.மீ. பாதரசம். 38 டிகிரியில் அது 49.7 மி.மீ. வெப்பநிலை 33 டிகிரிதான் கூடியது. ஆவியழுத்தமோ ஏழரை மடங்கு ஆகிவிட்டது! உணவில் உள்ள மணப்பொருள்களும் இதே போக்கில்தான் கூடுதலாக ஆவியாகின்றன. ஒவ்வொன்றும் எத்தனை மடங்கு என்பது மட்டும் மாறும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சோற்றையும் கோழிக்கறியையும் அப்படியே வைத்தால் நாய்க்கு அது ஏறத்தாழ மணமற்ற பொருள். அதையே வெதுவெதுப்பாக்கி வைத்தால் அறை முழுவதும் செய்தி பரவுகிறது. உலர்ந்த தீவனமானால் வெந்நீர் சிறிது தெளித்து ஐந்து நிமிடம் ஊறவைத்தாலும் மணம் எழும். சளியால் மூக்கு அடைபட்டிருந்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டுப் பிறகு தட்டை வைக்க வேண்டும்.

கலவை முறையால் சூடாக்குங்கள்

எவ்வளவு சூடு வேண்டும்? நாயின் உடல் வெப்பநிலை சுமார் 38.5 டிகிரி. உணவும் அதே அளவில் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் நாக்கு சுடும். ஒருமுறை சுட்டுவிட்டால் நாய் அந்தத் தட்டையே சந்தேகிக்கும். அடுப்பில் நேராக வைத்தால் அடி சுடும், மேலே குளிரும். ஆகவே வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை இறக்கி வைப்பதே நல்லது.

வெப்பநிலைமானி இல்லாமலே இதைச் செய்யலாம். 3 பங்கு கொதிநீரோடு 4 பங்கு குழாய்நீரைச் சேருங்கள். கொதிநீர் 100 டிகிரி, குழாய்நீர் 30 டிகிரி என்றால் கலவை 60 டிகிரி. கணக்குப் போட்டுச் சரிபாருங்கள்.

இனி, 5 டிகிரியில் 200 கிராம் உணவு இருக்கிறது. அதன் தன்வெப்பம் நீரைப் போல் 0.85 பங்கு என்று கொள்வோம். அப்படியானால் அது 170 கிராம் நீருக்குச் சமம். 60 டிகிரியில் உள்ள 300 கிராம் நீரில் கிண்ணத்தை வைத்தால்,

இறுதி வெப்பநிலை = (300 × 60 + 170 × 5) ÷ (300 + 170) = 18,850 ÷ 470 = ஏறத்தாழ 40 டிகிரி.

கிண்ணமும் காற்றும் சிறிது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் 38 டிகிரி அளவில் வந்து நிற்கும். அவ்வப்போது கிளறிவிடுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்தால் சூடாகவும் தெரியக் கூடாது, குளிராகவும் தெரியக் கூடாது. பரிசோதனைக்கூடத்தில் செம்புக் குண்டைச் சூடாக்கிக் கலோரிமானியில் போட்டுச் செய்த அதே கணக்குத்தான் இது.

பாவ்லோவ் கண்ட பசிநீர்

நாயையும் உணவையும் பற்றிப் பேசும்போது இவான் பாவ்லோவை விட்டுவிட முடியாது. மணியோசைக்கு நாய் எச்சில் ஊறச் செய்தவர் என்று மட்டுமே பலருக்கு அவரைத் தெரியும். ஆனால் 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமானத்தைப் பற்றிய ஆய்வுக்காக.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அவர் செய்த ஒரு சோதனையைக் கேளுங்கள். நாய் விழுங்கிய உணவு இரைப்பைக்குப் போகாமல் கழுத்தில் இட்ட திறப்பு வழியாக வெளியே விழுமாறு அறுவை செய்தார். இரைப்பைக்கு ஒரு பருக்கை கூடப் போகவில்லை. ஆயினும் நாய் விரும்பி உண்ணத் தொடங்கிய சில நிமிடங்களில் இரைப்பையில் செரிமான நீர் ஏராளமாகச் சுரந்தது! அதற்கு நேர்மாறாக, நாய்க்குத் தெரியாமல் இரைப்பைக்குள் நேரே ரொட்டியை வைத்தபோது, நெடுநேரம் வரை செரிமான நீர் சுரக்கவில்லை.

இதன் பொருள் என்ன? உண்ணும் விருப்பமே செரிமானத்தின் முதற்படி. மணமும் காட்சியும் மூளையைத் தட்டுகின்றன. மூளை நரம்பின் வழியாக இரைப்பைக்கு ஆணை அனுப்புகிறது. நாயைப் பிடித்து வாயைப் பிளந்து உணவைத் திணித்தால் இந்த முதற்படி தவறிவிடுகிறது. அச்சமும் சேர்ந்துகொண்டால் விருப்பம் மேலும் ஒடுங்கும். உணவு மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்தும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் வைத்தியம் ஏன் ஆகாது என்பதற்கு இதுவே விடை.

அந்தக் காலத்தில் நடந்த இத்தகைய சோதனைகளுக்கு இன்று கடும் விதிகள் உண்டு. தங்கள் உடலால் அறிவைத் தந்த அந்த நாய்களுக்கு 1935இல் அந்நகரிலேயே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது.

பசியைத் தூண்டும் வேதிப்பொருளும் பின்னாளில் கண்டுபிடிக்கப்பட்டது. 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கோஜிமாவும் கங்காவாவும் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் எனும் ஹார்மோனைக் கண்டறிந்தனர். அதைப் போலவே செயற்படும் காப்ரோமோரெலின் என்ற மருந்து நாய்களுக்காக 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் நோயின் காரணத்தைத் தேடாமல் பசியை மட்டும் தூண்டுவது முறையன்று. மருத்துவர் சொன்னால் மட்டுமே இத்தகைய மருந்தைக் கொடுக்க வேண்டும்.

உணவில் மருந்தை ஒளித்தால்?

1955இல் அமெரிக்காவில் ஜான் கார்சியாவும் அவருடைய தோழர்களும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் கொடுத்து, அதே வேளையில் காமாக் கதிர்களை அவற்றின் மேல் செலுத்தினர். கதிரால் எலிகளுக்கு உடல் நலம் கெட்டது. அதன் பிறகு அவை இனிப்பு நீரைத் தொட மறுத்தன. கதிருக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எலிகளின் உடல் பழியை இனிப்பின் மேல் போட்டுவிட்டது! எந்தச் சுவைக்குப் பிறகு உடல் கெட்டதோ அந்தச் சுவையை வெறுக்கும் இந்தப் பண்பு நாய்க்கும் உண்டு.

ஆகவே நாய்க்குக் குமட்டல் இருக்கும்போது, அதற்கு மிகவும் பிடித்த உணவைத் திரும்பத் திரும்ப முகத்தருகே நீட்டாதீர்கள். குமட்டல் போன பிறகும் வெறுப்பு நிற்கும். கசப்பு மருந்தையும் அன்றாட உணவில் கலக்காதீர்கள். மருந்துக்கென்று வேறு ஒரு சிறு உருண்டையை வைத்துக்கொள்ளுங்கள். தட்டு நம்பிக்கைக்குரியதாகவே இருக்கட்டும்.

கோடையும் பசியும்

கத்திரி வெயிலில் நாய் உணவைக் குறைப்பது இயல்பு. உணவைச் செரிக்கும் வேலையே உடலில் கூடுதல் வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பம் வெளியேற வேண்டும். நாய்க்குப் பாதங்களில் தவிர வேறெங்கும் பயன்படுமளவுக்கு வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, நீரை ஆவியாக்கித்தான் அது குளிர்கிறது.

ஒரு கிராம் நீர் உடல் வெப்பநிலையில் ஆவியாகச் சுமார் 580 கலோரி வேண்டும். காற்று உடலளவுக்குச் சூடாக இருக்கும்போது வேறு வழியில் வெப்பம் போகாது. நம் 16 கிலோ நாயின் 560 கிலோ கலோரியும் ஆவியாதல் மூலமே வெளியேற வேண்டுமானால், 5,60,000 ÷ 580 = ஏறத்தாழ 966 கிராம். கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீர்! கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரப்பதம் கூடுதலாக இருப்பதால் இந்த ஆவியாதலும் தடைப்படுகிறது.

எனவே கோடையில் உணவை அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள். நிழலில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். இடைவிடாத இரைப்போடு தள்ளாட்டமும் கண்டால் அது வெப்பத் தாக்கு. உடலை நீரால் நனைத்து, விசிறிக் காற்றில் வைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

அளந்து பாருங்கள்

"நேற்றைவிட இன்று கொஞ்சம் தின்றது" என்றால் மருத்துவருக்குப் பயனில்லை. எத்தனை கிராம் என்று சொல்லுங்கள்.

1. ஒரே மாதிரியான இரு தட்டுகளில் ஒரே அளவு வெதுவெதுப்பான உணவை எடை போட்டு வையுங்கள். 250 கிராம் என்று கொள்வோம். ஒன்று நாய்க்கு. மற்றது நாய்க்கு எட்டாத, ஆனால் அதே காற்றோட்டமுள்ள இடத்தில் இருக்கட்டும்.

2. 20 நிமிடம் கழித்து இரண்டையும் எடை போடுங்கள். நாயின் தட்டில் 170 கிராம், மற்றதில் 246 கிராம் இருக்கிறது என்றால், 4 கிராம் ஆவியாகிப் போயிருக்கிறது. நாய் உண்டது 80 கிராம் அன்று. சுமார் 76 கிராம்.

3. உண்ணாது விட்டதை எடுத்துவிடுங்கள். நாள் முழுவதும் தட்டு கிடந்தால் உணவு கெடும், ஈ மொய்க்கும், மணமும் போய்விடும்.

4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு நாள் சூட்டை மாற்றினால், அடுத்த இரண்டு நாள் இடத்தை மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாது.

5. நாளை கிடை அச்சிலும் உண்ட கிராமை நெடுக்கு அச்சிலும் கொண்டு வரைபடம் வரையுங்கள்.

வாரம் ஒருமுறை நாயின் எடையையும் பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, பிறகு தனியே நின்று, கழித்துக்கொள்வது எளிய வழி. ஆனால் எச்சரிக்கை! அரைக் கிலோ பிரிவுள்ள கருவியில் ஒவ்வொரு அளவீட்டிலும் கால் கிலோ பிழை வரலாம். கழிக்கும்போது இரு பிழைகளும் சேர்ந்து அரைக் கிலோ ஆகலாம். 16 கிலோ நாய்க்கு அது 3 சதவீதம்தான். 4 கிலோ நாய்க்கோ 12.5 சதவீதம்! உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தாலே கவலைக்குரியது என்னும்போது, அந்தக் கருவி சிறிய நாய்க்குப் பயன்படாது. அதற்கு மளிகைக்கடைத் தராசே ஏற்றது.

உண்ண விரும்பும் நாயிடமிருந்து உணவைப் பறித்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

எதைக் கொடுக்கலாம்? எது ஆகாது?

உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாக் கோழி, குழைந்த சோறு, வேகவைத்த முட்டை, கோழி வேகவைத்த நீர் ஆகியவற்றைச் சிறு சிறு அளவில் நாளுக்கு மூன்று நான்கு முறை வைக்கலாம். கால்கள் நடமாடாத அமைதியான மூலையில் தட்டை வையுங்கள். வேறு நாய் பக்கத்தில் இருந்தால் தனியே வையுங்கள். புதிய வீட்டுக்கு வந்த நாய்க்கு ஓரிரு நாள் அவகாசம் கொடுங்கள்.

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே மீந்த சாம்பாரும் குழம்பும் வேண்டாம். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் சைலிட்டால் ஆகியவை நஞ்சு. வேகவைத்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். காய்ச்சல் என்று நினைத்து வீட்டிலுள்ள பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அதுவும் நாய்க்கு ஆபத்தே.

வாய் பேசாத உயிர் தன் துன்பத்தைச் சொல்லும் வழிகளில் தட்டை மறுப்பதும் ஒன்று. அது சொல்வதை அளந்து, எழுதிவைத்து, உரிய காலத்தில் மருத்துவரிடம் சேர்ப்பது நம் பொறுப்பு.

விடை காணுங்கள்

1. 9 கிலோ எடையுள்ள நாய்க்கு ஓய்வு நிலையில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கலோரி வேண்டும்?

2. 5 டிகிரியில் உள்ள 150 கிராம் உணவை 40 டிகிரிக்குக் கொண்டுவர, 60 டிகிரியில் உள்ள நீர் எத்தனை கிராம் வேண்டும்? (தன்வெப்பம் நீரைப் போல் 0.85 பங்கு.)

3. முதல் கணக்கில் வந்த ஆற்றல் முழுவதும் நீர் ஆவியாவதன் மூலமே வெளியேறினால், எவ்வளவு நீர் செலவாகும்?

விடைகள்: 1) சுமார் 364 கிலோ கலோரி. 2) சுமார் 223 கிராம். 3) சுமார் 628 கிராம்.